சதுர அடிக் கணக்கை விட்ட ஆர்ட்டிஸ்ட்: 60 வயதில் ஒரு தொழில் மாற்றம்

தென் மாவட்ட நகரம் ஒன்றில் கைப்படக் கடைப் பலகை எழுதிப் பிழைக்கும் ஒரு கலைஞரோடு 2022 நவம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை கூட இருந்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேர் கொண்ட சிறிய குழு. கலையைத் தொழிலாகச் செய்பவர்களுக்குக் கணக்கு பார்த்துக் கொடுப்பது, ரசீது, ஒப்பந்தம் போன்றவற்றில் உதவுவது எங்கள் வேலை. இதற்காக யாரிடமும் பணம் வாங்குவதில்லை.

இந்தப் பதிவு முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். கண் விஷயத்தை எழுதலாமா என்று இரண்டு முறை கேட்டேன். "எழுதுங்க தம்பி, என்னை மாதிரி இன்னொருத்தன் மறைச்சுக்கிட்டு இருப்பான்" என்றார்.

பின்னணி

அவர் பிறந்தது 1962இல். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. 1977இல் ஒரு சினிமா பேனர் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்தார். பிரஷ் கழுவுவது, துணிக்குப் பசை பூசுவது, ஸ்டில்லின் மேல் கட்டம் போட்டு அதே கட்டத்தைப் பேனரில் பெரிதாக இழுத்துக் கொடுப்பது, டீ வாங்கி வருவது என்று முதல் வருடம் போயிற்று.

எழுத்தில் கை வைக்க அனுமதி கிடைத்தது 1978இன் கடைசியில். அந்த வருடம்தான் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக வெளியிட்டது. பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் பயன்படுத்திவந்த வடிவங்களை ஒட்டி ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகள் மாறின. தலைக்கு மேல் தும்பிக்கை போலச் சுழித்து நின்ற லையும் ளையும் மற்ற எழுத்துகளைப் போல முன்னால் கொம்பு வாங்கிக்கொண்டன. அவருடைய குரு பழைய எழுத்தை விடமாட்டேன் என்று நின்றவர். கட்சிக்காரர்களும் அரசு அலுவலகங்களும் புதியதைக் கேட்டார்கள். பையன் இரண்டையும் ஒரே நேரத்தில் பழகினான். அவர் தலைமுறைக்குப் பிறகு வந்த ஆர்ட்டிஸ்ட்டுகளுக்குக் கையில் அந்தப் பழைய சுழி கிடையாது. பார்த்து வரைவார்கள், ஆனால் வரைந்தது என்று தெரியும்.

1985இல் சொந்தக் கடை. 1990களில் அவரிடம் ஆறு பேர் வேலை பார்த்தார்கள். தியேட்டர் பேனர், கட்சிச் சுவர், கடைப் பலகை, லாரிக்குப் பின்னால் எழுத்து, வண்டி நம்பர் என்று எல்லாம் வந்தது. 2000களின் தொடக்கத்தில் ஃபிளெக்ஸ் பிரிண்டிங் வந்ததும் பேனர் வேலை இரண்டு மூன்று வருடத்தில் மறைந்தது. 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயமானது, அந்தச் சில்லறை வருமானமும் போயிற்று. மிச்சம் இருந்தவை பள்ளிக்கூடச் சுவரும், ஃபிளெக்ஸ் வெயிலில் வெளுத்துவிடும் என்று தெரிந்த சில பழைய கடைக்காரர்களும்தான்.

2022 நவம்பர்: நோட்டில் இருந்தது

எங்களை அழைத்தது அவருடைய மகள். "அப்பா ராத்திரி பகலா வேலை பாக்குறாங்க, கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது" என்றார்.

அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. வேலை, அளவு, வாங்கிய பணம் எல்லாம் தெளிவான கையெழுத்தில் இருந்தன. மே முதல் அக்டோபர் வரை ஆறு மாதத்தைக் கூட்டினோம். 31 வேலைகள், வரவு 1,14,000 ரூபாய். பெயின்ட், தகடு, டர்பன்டைன் எல்லாம் சேர்த்து 38,000. உதவியாளருக்கு 29,000. கையில் நின்றது 47,000, அதாவது மாதம் எட்டாயிரத்துக்கும் குறைவு. அந்த ஆறு மாதத்தில் அவர் வேலை செய்த நாட்கள் 96. நாளுக்கு ஏறக்குறைய 490 ரூபாய். அதே தெருவில் வெள்ளையடிக்கப் போகிறவருக்கு அப்போது நாள் கூலி 900.

அவர் விலை சொல்வது சதுர அடிக் கணக்கில். தகட்டில் எழுத 120 ரூபாய். மூன்றுக்கு இரண்டு அடிப் பலகை என்றால் 720. பத்துக்கு நான்கு என்றால் 4,800. எழுத்தை எங்கே வைப்பது, எது பெரிது, எது சிறிது, 'ஸ்ரீ'க்கு எவ்வளவு இடம் விடுவது என்று யோசிக்கிற வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். பெரிய பலகையில் கூடுதலாக இருப்பது நிரப்பும் வண்ணமும் நின்று எழுதும் நேரமும் மட்டுமே. இந்தக் கணக்கில் காசு சேர வேண்டுமானால் அதிகப் பரப்பு பூச வேண்டும், சாரம் கட்டி ஏற வேண்டும். 25 வயதில் இது அவருக்கு ஒத்து வந்தது. 60 வயதில், ஒவ்வொரு வருடமும் குறைந்துகொண்டே போகும் உடல் உழைப்பை மட்டும் அவர் விற்றுக்கொண்டிருந்தார். கூடிக்கொண்டே போன எழுத்துத் தேர்ச்சி இலவசமாகப் போயிற்று. இதுதான் எங்களுக்கு முதலில் பிடிபட்ட விஷயம். அவரிடம் சொல்ல மூன்று வாரம் தயங்கினோம்.

ரசீது தருவதில்லை என்பது இன்னொன்று. பில் போட்டால் ஜிஎஸ்டி கேட்பார்கள் என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தார். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் இப்படிப்பட்ட சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை, சாதாரண ரசீது தரலாம் என்று விளக்கினோம். ரசீது இல்லாததால் ஒரு கல்லூரி வேலையும் ஒரு ஓட்டல் வேலையும் கைவிட்டுப் போயிருந்தன.

மூடியில் இருந்த குத்து

நோட்டில் நான்கு வேலைகளின் ஓரத்தில் 'மறு' என்று எழுதியிருந்தது. என்ன என்று கேட்டேன். "பார்ட்டி கலர் மாத்தச் சொன்னான்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

டிசம்பரில் ஒரு மதியம் கடையில் உட்கார்ந்திருந்தேன். நகைக்கடை ஒன்றின் பலகை. எழுத்து கருநீலம், நிழல் கருப்பு. இரண்டு டப்பாவும் பக்கத்தில் இருந்தன, லேபிள் மேல் பெயின்ட் வழிந்து எது எது என்று படிக்க முடியாமல். அவர் ஒரு மூடியை எடுத்துக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார். வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துத் தடவினார். பிறகு அதைத் திறந்தார். அவர் டீ குடிக்கப் போனபோது மூடியை எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் ஆணியால் இரண்டு குத்து. கருப்புக்கு இரண்டு, நீலத்துக்கு ஒன்று. அலமாரியில் தேடினால் ஊதாவுக்கு மூன்று. வெள்ளை டப்பா வழவழவென்று இருந்தது, தந்த நிற டப்பா மூடியில் ஒரு குறுக்குக் கீறல்.

அவருக்குக் கண்புரை. அது வளரும்போது விழிக்குள் இருக்கும் லென்ஸ் மங்குவதோடு மஞ்சளாகவும் ஆகிறது. மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல நீல வெளிச்சம் தடைபடுகிறது. வெள்ளைக்கும் தந்த நிறத்துக்கும், கருநீலத்துக்கும் கருப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது. சிவப்பு அவ்வளவாகக் கெடுவதில்லை. படிப்படியாக வருவதால் பலருக்குத் தெரிவதே இல்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வருடமாக மறைத்து வந்திருக்கிறார், மனைவியிடமும். மாலை நான்கு மணிக்கு மேல் வண்ணம் கலப்பதில்லை. கலக்கும்போது பலகையைத் தெருவுக்கு இழுத்துவருவார். 'மறு' என்று இருந்த நான்கில் மூன்று, வெள்ளைப் பலகையில் தந்த நிறத்தால் ஒட்டுப் போட்ட வேலைகள்.

ஏன் மறைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவராகவே ஒரு நாள் சொன்னார்: "ஆர்ட்டிஸ்ட்டுக்குக் கண்ணு போச்சுன்னு ஒரு வார்த்தை பஜார்ல விழுந்தா, மறுநாள் ஆப்பரேஷன் பண்ணி சரியாயிட்டாலும் அந்த வார்த்தை போகாது தம்பி." இந்தப் பயம் வெறும் கற்பனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயதான நாதஸ்வரக்காரருக்கு மூச்சு குறைந்தது என்ற பேச்சும் இப்படித்தான் பரவுகிறது.

எடுத்த முடிவுகள் (2023 ஜனவரி முதல் ஜூன் வரை)

முதல் முடிவு சாரம் ஏறுவதில்லை என்பது. எட்டடிக்கு மேல் வேலையை எடுப்பதில்லை. 2021இல் ஒரு பள்ளிச் சுவரில் கால் தவறி, கயிறு பிடித்துத் தப்பியிருக்கிறார். அதைவிட, படியில் இறங்கும்போது ஓரம் தெரியாமல் கால் துழாவுவதை நானே பார்த்தேன். பள்ளிச் சுவர்தான் வரவில் மூன்றில் ஒரு பங்கு. அதை 24 வயது உதவியாளரிடம் கொடுத்து, பங்கு வாங்கிக்கொள்வது என்று பேசினோம். அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. இதற்கு அப்புறம் வருகிறேன்.

இரண்டாவது, விலை. சதுர அடியை விட்டுவிட்டு, வரைவுக் கட்டணம் தனி, எழுதும் கூலி தனி, தகடு, சட்டம், மாட்டும் செலவு ஆனபடி என்று பிரித்தோம். வரைவுக் கட்டணம் 2,500 ரூபாய். முதலில் தாளில் எழுதிக் காட்டுவார், ஒரு முறை திருத்தம் உண்டு, பாதிப் பணம் முன்பணம். இதை வாடிக்கையாளரிடம் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. முதல் இரண்டு மாதம் பழைய விலையையே சொல்லிவிட்டு எங்களுக்குப் போன் செய்து வருத்தப்பட்டார். பிறகு மகள் ஒரு அச்சிட்ட விலைத்தாளைக் கொடுத்தார். தாளை நீட்டிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அது நடந்தது. வழக்கமான 11 கடைக்காரர்களில் நான்கு பேர் போய்விட்டார்கள். ஒருவர் 20 வருடப் பழக்கம். அவர் போனது இவருக்குப் பெரிய அடி.

மூன்றாவது, கண்புரை அறுவை. எப்போது செய்வது என்பதில் அவர் கணக்கு தெளிவாக இருந்தது. ஆடியில் யாரும் புதுக்கடை திறக்க மாட்டார்கள், பலகைக்கு ஆள் வராது. ஆடி முதல் வாரம் ஒரு கண், கடைசி வாரம் மறு கண். வெளியே சொல்வதா என்று வீட்டில் நாலு நாள் பேச்சு. அதிக வேலை கொடுக்கும் இரண்டு பேரிடம் மட்டும் உண்மையைச் சொல்வது, மற்றவர்களுக்கு 'ஆடிக்கு லீவு' என்று முடிவானது. இரண்டு பேரில் ஒருவர், "எங்கம்மாவுக்கும் பண்ணினோம், போய்ப் பண்ணுங்கண்ணே" என்றார். இன்னொருவர் தன் வேலையை ஆவணிக்குத் தள்ளிவைத்தார். யாரும் ரத்து செய்யவில்லை.

2023 ஆடி

முதல் கண் அறுவை நல்லபடி முடிந்தது. மறுநாள் கட்டு பிரித்தபின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தபடி ஒரு கண்ணை மூடினார், திறந்தார், மறுகண்ணை மூடினார். அரை மணி நேரம் இதையே செய்தார். "இந்தக் கண்ணுல பால், அந்தக் கண்ணுல டீ" என்றார். பிரெஞ்சு ஓவியர் மோனே 1923இல், 82 வயதில் கண்புரை அறுவை செய்துகொண்டார். அதற்கு முந்தைய சில வருட ஓவியங்களில் பழுப்பும் சிவப்பும் ஏறி நிற்பதை இன்றும் பார்க்கலாம். அதை அவரிடம் போனில் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அவரும் வெளிய சொல்லலையா?" என்று கேட்டார். சொன்னார், கடிதம் கடிதமாகப் புலம்பினார் என்றேன்.

இங்கே எங்கள் பக்கம் ஒரு பெரிய தவறு நடந்தது. வைக்கும் லென்ஸ் ஒரே தூரத்துக்குத்தான் கூர்மை தரும். வழக்கப்படி எட்டப் பார்வைக்கு வைத்தார்கள். கிட்டப் பார்வைக்கு, செய்தித்தாள் படிக்கும் தூரத்துக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். பலகை எழுதுகிறவர் கண்ணுக்கும் தகட்டுக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய இரண்டு அடி. கண்ணாடி போட்டால் தகடு மங்கல், போடாவிட்டாலும் மங்கல். இந்த ஆள் என்ன வேலை செய்கிறார், எந்தத் தூரத்தில் பார்க்கிறார் என்று டாக்டரிடம் யாருமே சொல்லவில்லை. விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் 'பெயின்டர்' என்று எழுதியிருந்தோம். அவர்கள் வீட்டுச் சுவர் அடிப்பவர் என்று நினைத்திருப்பார்கள். இரண்டாவது கண்ணுக்கு முன்னால் ஒரு பலகையையும் பிரஷ்ஷையும் கொண்டுபோய், நின்று எழுதிக் காட்டினார். டாக்டர் டேப் வைத்து அளந்தார். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று எட்டப் பார்வைக்கே வைத்து, அந்த இரண்டடித் தூரத்துக்கெனத் தனிக் கண்ணாடி எழுதித் தந்தார். ஆவணி மூன்றாம் வாரம் அது கைக்கு வந்ததும்தான் பழைய கை திரும்பியது.

இதற்கிடையே ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஒரு துணிக்கடைப் பலகையை அவர் ஒப்புக்கொண்டிருந்தார், எங்களுக்குத் தெரியாமல். தூசியும் டர்பன்டைன் ஆவியும் கண்ணில் படக்கூடாது என்று சொன்ன நாட்களில் அதை எழுத உட்கார்ந்தார். கண் சிவந்து, திரும்ப ஓட வேண்டியதாயிற்று. நல்லவேளை, சொட்டு மருந்தோடு போயிற்று. பலகையை உதவியாளர் முடித்தார்.

கண் தெளிந்தபின் அவர் செய்த முதல் காரியம் பஜாரைச் சுற்றியது. கடந்த மூன்று வருடம் எழுதிய பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்து, ஐந்தைத் தன் செலவில் மாற்றி எழுதப்போவதாகச் சொன்னார். 11,000 ரூபாய் ஆகும். நான் வேண்டாம் என்றேன். கடைக்காரர்களில் யாரும் குறை சொல்லவில்லை, கையிலும் பணம் இல்லை. அவர் மனைவி ஒரே வார்த்தையில் முடித்தார்: "கீழ அவர் பேரு இருக்குல்ல." மூன்றை மாற்றினார். ஒருவர், இது அப்படியே இருக்கட்டும் என்று விடவில்லை. ஐந்தாவது கடை மூடியிருந்தது. இந்த விஷயத்தில் நான் சொன்னது தவறு என்று இப்போது நினைக்கிறேன்.

எழுத்துரு கேட்டு வந்தவர்கள்

2023 நவம்பரில் சென்னையிலிருந்து ஒரு வடிவமைப்பு நிறுவனம் வந்தது. உணவகங்களுக்குப் 'பழைய காலத் தோற்றம்' செய்து கொடுப்பவர்கள். பழைய லை, ளை, ணா எழுதிய அவருடைய பலகை ஒன்றின் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். முழு எழுத்து வரிசையையும் எழுதித் தர வேண்டும், கணினி எழுத்துருவாக மாற்றுவார்கள், 15,000 ரூபாய். ஒப்பந்தத் தாளில் 'நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும், எல்லா உரிமைகளும்' என்று இருந்தது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி கலைப்படைப்பின் உரிமை படைத்தவரின் ஆயுளுக்கும் அதன்பின் 60 வருடத்துக்கும் உண்டு. உரிமை மாற்றும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 வருடத்துக்குத்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். அதனால்தான் அந்தத் தாளில் இரண்டையும் தெளிவாக எழுதியிருந்தார்கள். 5 வருடத்துக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டும், எழுத்துருவில் அவர் பெயர் என்று எதிர்யோசனை வைத்தோம். அவர்கள் பதில் போடவில்லை.

முடிவு அவருடையது, ஆனால் அழுத்தியது நாங்கள். "பதினஞ்சாயிரம் தம்பி, நாலு மாச வாடகை" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. 60 வயதுக்காரரிடம் 5 வருடம் பொறுங்கள், பிறகு இதைவிட மதிப்பு வரும் என்று சொல்வது எளிதான காரியம் இல்லை. அந்த மறுப்பு சரிதானா என்பதில் எனக்கு இன்னும் முழு நிச்சயம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்: தன் எழுத்துக்கு ஒருவர் சென்னையிலிருந்து வந்தார் என்பது அவர் விலை சொல்லும் தோரணையை மாற்றிவிட்டது. அதன்பின் விலைத்தாளை நீட்ட வேண்டியிருக்கவில்லை.

அடுத்த 12 மாதம்

2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை 38 பலகைகள். சராசரி 7,200 ரூபாய், மொத்தம் 2,73,600. பொருள் 61,000, தச்சு, வண்டி, உதவி 42,000 போக 1,70,600 நின்றது. மாதம் 14,000 சொச்சம். வேலை செய்தது ஏறக்குறைய 170 நாள், அதாவது நாளுக்கு ஆயிரம் ரூபாய். பெரிய பணம் இல்லை. முன்பைவிடக் குறைவான உழைப்புக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது மட்டும் உண்மை. மார்கழியிலும் ஆடியிலும் ஒரு பலகைகூட வரவில்லை. மார்கழி வாடகைக்கு மகளிடம் வாங்கினார்.

38இல் 13 பலகைகள் பழைய எழுத்தில். வீட்டுப் பெயர், காபிக்கடை, ஒரு சித்த வைத்தியசாலை. கேட்டவர்கள் பெரும்பாலும் 30 வயதுக்காரர்கள்.

உதவியாளர் 2024 பிப்ரவரியில் பிரிந்தார். பள்ளிச் சுவர் வேலைகளைத் தன் பெயரில் எடுத்துக்கொண்டார். பங்கு வந்தது இரண்டு முறை மட்டும். பெரியவர் அவரைத் திட்டவில்லை. "நானும் எங்க குருகிட்ட இருந்து அப்படித்தான் வந்தேன்" என்றார், ஆனால் இரண்டு வாரம் கடை திறக்கவில்லை.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

கண்ணைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். ஆறு மாதம் விலையைப் பற்றிப் பேசிவிட்டு ஏழாவது மாதம் கண்ணுக்குப் போனோம். நுணுக்க வேலை செய்யும் யாராக இருந்தாலும் அறுவைக்கு முன்பே தன் கருவியோடு போய், வேலை செய்யும் தூரத்தை டாக்டருக்குக் காட்டுவது நல்லது. நகைப் பட்டறைக்காரர், தையல்காரர், வீணை செய்பவர் எல்லோருக்கும் அந்தத் தூரம் வேறு வேறு. அறுவைக்குப் பின் வரும் முகூர்த்தங்களுக்கு வேலை ஒப்புக்கொள்ளாமல் இருக்க, அந்த மாத வாடகையை முன்கூட்டியே திரட்டி வைத்திருக்க வேண்டும். ஆவணிப் பலகையை அவர் ஒப்புக்கொண்டது ஆசையால் அல்ல, வாடகையால்.

ரத்தத்தில் ஈய அளவு பார்த்ததும் தாமதமாகத்தான். 2017 நவம்பரிலிருந்துதான் வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) இருக்க வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தது. அதற்கு முன் 40 வருடம் மஞ்சளும் சிவப்பும் தோய்ந்த பிரஷ் முனையை உதட்டால் கூராக்கியவர் அவர். சோதனையில் பயப்படும்படி எதுவும் இல்லை.

உதவியாளர் விஷயத்தில் எங்களிடம் ஒரு காகிதம் இருந்திருக்க வேண்டும். எந்தச் சுவர், எத்தனை சதவீதம், எவ்வளவு காலம் என்று அரைப்பக்கம் போதும். அது இருந்திருந்தால் பையனும் குற்ற உணர்ச்சி இல்லாமல் போயிருப்பான், இப்போது தெருவில் பார்த்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகவேண்டியிருக்காது.

எழுத்துரு வேலையை அவர் தனக்காகவே தொடங்கியிருக்கிறார். மகள் வாங்கிக் கொடுத்த கெட்டித் தாளில், இரண்டடித் தூரக் கண்ணாடியோடு, காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. தாளுக்கு ஒரு எழுத்து, 247 எழுத்தும் பழைய வடிவில். 2024 ஆகஸ்ட் கடைசியில் நான் போனபோது ளகரம் முடிந்திருந்தது. றகரமும் னகரமும் பாக்கி.